ஒரு பவர் பத்திரம், நான்கு முத்திரை

அப்பா இறந்த பிறகு, ஊரில் இருக்கும் வீட்டை அம்மா பெயருக்கே மாற்றிவிடுவது என்று நாங்கள் மூன்று பேரும் பேசி முடித்தோம். அக்கா திருச்சியில் இருக்கிறாள். தம்பி ஊரிலேயே அம்மாவோடு. நான் நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில். எங்கள் மூன்று பேருக்கும் உள்ள பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. அக்காவும் தம்பியும் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம். எனக்குப் பதில் தம்பி போட, நான் அவனுக்கு பவர் கொடுக்க வேண்டும்.

தலைத்திவசத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோதே அதைக் கொடுத்திருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்வந்தால் முடிந்திருக்கும். வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்தோம். அது தாலுகா ஆபீஸிலிருந்து கைக்கு வந்தபோது நான் இங்கே திரும்பியிருந்தேன், விடுப்பும் தீர்ந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சொத்து வேலை ஏதாவது வரப்போகிறது என்று லேசாகத் தெரிந்தால்கூட, அங்கேயே பவரை எழுதிப் பதிவு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள். அப்படிச் செய்தால் இதற்குக் கீழே நான் எழுதியிருக்கும் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

பத்திரம் எழுதுபவர் ஒரு வரைவைத் தம்பி மூலம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அழகான தமிழில், முத்திரைத்தாளில் எழுதும் அதே நடையில் இருந்தது. அச்செடுத்து எடுத்துக்கொண்டு என் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்குப் போனேன். அங்கே இருந்த நோட்டரி அம்மா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரியாத மொழியில் இருக்கும் பத்திரத்தில் முத்திரை வைக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுதி வாங்க மேலும் இரண்டு வாரம் ஆனது. தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகத்தில் ஆங்கிலப் பத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே வெளிநாட்டில் கையெழுத்தாகப் போகும் பவரை முதலிலேயே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிவிடுவது நல்லது.

அந்த இரண்டு வாரம் வீண் போகவில்லை. பெயர் விஷயம் அப்போதுதான் கண்ணில் பட்டது. வாரிசுச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். என் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். இங்கே எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் அது குடும்பப்பெயராகி முன்னால் வந்து நிற்கிறது. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். ஆனால் நியூயார்க்கில் நோட்டரி பார்ப்பது கையில் இருக்கும் அடையாள அட்டையை, ஊரில் சார்பதிவாளர் பார்ப்பது வாரிசுச் சான்றிதழை. இருவருக்கும் ஒரே தாளில் பதில் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞர் அதற்கு ஒரு வரி சேர்த்தார்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், அதையடுத்து ‘என்கிற’ போட்டு வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர், பிறகு பாஸ்போர்ட் எண். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு வரிதான்.

சொத்து விவரத்தையும் அப்போதே சரிபார்த்தோம். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, அளவு என எல்லாவற்றையும் தம்பி மூலப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் வரைவைப் பார்த்து டிக் அடித்தேன். உட்பிரிவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதிகாரம் எதற்கு என்பதையும் குறுக்கிக்கொண்டோம். பொதுப் பவர் தேவையில்லை. இந்த ஒரு சொத்துக்கு, இந்த ஒரு விடுதலைப் பத்திரத்தை எழுதவும், ஒப்பமிடவும், பதிவுக்குத் தாக்கல் செய்யவும், எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ளவும் மட்டும். ‘தாக்கல் செய்யவும்’, ‘ஒப்புக்கொள்ளவும்’ என்ற இரண்டு சொல்லும் இல்லாமல் வந்த பவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று பத்திரம் எழுதுபவர் சொன்னார்.

பத்திரம் தயாரானது. இனி முத்திரை.

அமெரிக்காவும் இந்தியாவும் 1961-ஆம் ஆண்டு ஹேக் நகரில் உருவான அப்போஸ்டில் (தாளில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மைதான் என்று வேற்று நாட்டுக்குச் சொல்லும் சான்று) உடன்படிக்கையில் இருக்கின்றன. அமெரிக்காவில் அது 1981-இலும், இந்தியாவில் 2005 ஜூலை 14-இலும் நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாடும் அதில் இருப்பதால் தூதரகத்துக்குப் போய் மேலொப்பம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பத்திரம் பிறந்த இடத்தில் ஒரு அப்போஸ்டில் ஒட்டினால் போதும். டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா, “தூதரக முத்திரை இல்லாம ஊர்ல ஒருத்தனும் வாங்க மாட்டான்” என்று அடித்துச் சொன்னார். அவர் அனுபவம் அப்படி. கனடாவில் இந்த உடன்படிக்கை 2024 ஜனவரி 11-இல்தான் நடைமுறைக்கு வந்தது, அவர் தன் வேலையை முடித்தது அதற்கு வெகு காலம் முன்பு. சிங்கப்பூர் 2021-இலும் சவுதி 2022-இலும் உள்ளே வந்தன. அதனால் ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளாமல், உங்கள் நாடு இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டு நாடும் பட்டியலில் இருந்தாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, ஆகவே அந்த இரண்டு நாடுகளுக்கு இடையில் அப்போஸ்டில் செல்லாது. படிக்கப் போகும் பிள்ளைகள் இதைத் தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு நிற்கிறார்கள்.

நியூயார்க்கில் இதற்கு மூன்று படி. நோட்டரி முன் கையெழுத்து. நோட்டரியின் கையெழுத்து உண்மைதான் என்று கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க் தரும் சான்று. கவுண்டி கிளார்க்கின் கையெழுத்து உண்மைதான் என்று மாநில அரசு தரும் அப்போஸ்டில். நோட்டரிக்கு 2 டாலர், கவுண்டி கிளார்க்குக்கு 3, மாநிலத்துக்கு 10. மொத்தம் 15 டாலர். இதே வேலைக்கு ஓர் ஏஜென்சி என்னிடம் இருநூறுக்கு மேல் கேட்டது. அலைய நேரம் இல்லாதவர்கள் கொடுக்கட்டும், தவறில்லை. ஆனால் ஏஜென்சிக்காரர் உங்கள் பத்திரத்தைப் படித்துப் பார்த்துத் தவறு சொல்லமாட்டார். தாளை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பார், அவ்வளவே.

முதல் முறை அதே வங்கிக் கிளையில் கையெழுத்துப் போட்டேன். அன்று இருந்தவர் வேறொரு நோட்டரி. என் கையெழுத்துக்குக் கீழே தன் முத்திரையை வைத்து, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஜமைக்கா சட்ஃபின் பூலவார்டில் இருக்கும் குவீன்ஸ் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கு மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், “நோட்டரியின் வாசகம் எங்கே?” என்று கேட்டார். முத்திரையும் கையெழுத்தும் மட்டும் போதாது. இன்ன தேதியில், இன்ன கவுண்டியில், இன்னார் என் முன் நேரில் வந்து, தன் அடையாளத்தைக் காட்டி, இதில் தானே கையெழுத்திட்டதாக ஒப்புக்கொண்டார் என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். என் தாளில் அது இல்லை. நோட்டரி எதற்கு சாட்சி சொல்கிறார் என்பதே அந்தத் தாளில் எழுதப்படவில்லை.

இந்தப் பத்தியை நோட்டரி எழுதுவார் என்று காத்திராதீர்கள். அந்தந்த மாநிலத்துக்கு உரிய வாசகம் இருக்கிறது, அதைப் பத்திரத்தின் கடைசியிலேயே அச்சடித்துக்கொண்டு போய்விடலாம். இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன். நோட்டரி பத்தி தனித் தாளில் விழாமல், என் கையெழுத்தும் சாட்சிகள் இருவரின் கையெழுத்தும் இருக்கும் அதே பக்கத்தில் வருமாறு வரிகளை நெருக்கி அமைத்தேன்.

இரண்டாம் முறை எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், வருமான வரிக் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் போனேன். கவனமான மனிதர். பாஸ்போர்ட்டை வாங்கிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஒரு பதிவேட்டில் என் விவரம் எழுதினார். நியூயார்க்கில் 2023 ஜனவரி முதல் நோட்டரிகள் அப்படிக் குறித்து வைத்தாக வேண்டும். நண்பர்கள் இருவர் சாட்சி. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, முதல் பக்கத்தில் புகைப்படம், அதன் பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை. ரேகை எதற்கு என்று அவர் கேட்டார். ஊரில் கேட்பார்கள் என்றேன். மேசை இழுப்பறையில் தேடி ஒரு மை ஒத்தி எடுத்துக் கொடுத்தார்.

மறுபடியும் சட்ஃபின் பூலவார்டு, அதே கவுண்டர். இந்த முறை அவர் பார்த்தது நோட்டரியின் முத்திரையில் இருக்கும் சின்ன எழுத்துகளை. பெயர், பதிவு எண், உரிமம் முடியும் தேதி, நடுவில் ஒரு வரி: ‘நாசாவ் கவுண்டியில் தகுதி பெற்றவர்’. கையெழுத்து நடந்தது குவீன்ஸில், ஆனால் அந்த நோட்டரியின் கையெழுத்து மாதிரி கோப்பில் இருப்பது நாசாவில். எங்கே கையெழுத்துப் போட்டோம் என்பது கணக்கில்லை, நோட்டரி எந்தக் கவுண்டியில் பதிந்தவர் என்பதுதான் கணக்கு. கோப்பில் இல்லாத கையெழுத்துக்குச் சான்று தர அவரால் முடியாது. ஆத்திரப்பட எதுவும் இல்லை, சொன்னவர் வழியையும் சொன்னார். அங்கிருந்து ஜமைக்கா ஸ்டேஷன் நடந்துபோகும் தூரம். லாங் ஐலண்ட் ரயில் பிடித்து மினியோலா போய் இறங்கி, நாசாவ் கவுண்டி கிளார்க்கிடம் கொடுத்தேன். அங்கே வேலை உடனே முடிந்துவிட்டது.

நோட்டரியிடம் உட்காரும் முன்பே அவர் முத்திரையில் எந்தக் கவுண்டி என்று கேட்டுக்கொண்டால் இந்த ரயில் பயணம் மிச்சம். நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை. நோட்டரி முடிந்ததும் நேராக மாநில அலுவலகத்துக்கே அனுப்பிவிடலாம் என்ற முறை நியூஜெர்சி, டெக்ஸஸ் போன்ற இடங்களில் உண்டு.

மாநில அலுவலகத்துக்கு விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு கட்டத்தில் ‘எந்த நாட்டில் பயன்படுத்த’ என்று இருக்கும். அதை வைத்துத்தான் அப்போஸ்டில் தருவதா, உடன்படிக்கையில் இல்லாத நாட்டுக்கான வேறு வகைச் சான்று தருவதா என்று முடிவு செய்கிறார்கள். இந்தியா என்று தெளிவாக எழுதி, தபால்தலை ஒட்டிய திரும்பு உறையையும் வைத்து அனுப்பினேன்.

வந்த உறையைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது, பத்திரத்தின் மேல் ஒரு தனித் தாள். நடுவில் கட்டம் கட்டி, 1 முதல் 10 வரை எண்ணிட்ட வரிகள். மேலே பிரெஞ்சில் உடன்படிக்கையின் பெயரும் 1961-ஆம் ஆண்டுத் தேதியும். மூலையில் கனமாக ஸ்டேப்பிள் அடித்திருந்தது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது இரவு பதினொன்று இருக்கும். உடனே போன் வந்தது.

“அண்ணே, இதுல யாரோ கவுண்டி கிளார்க் பேரு போட்டிருக்கு. உங்க பேரையே காணோமே? தப்பா அனுப்பிட்டாங்களா?”

எனக்கும் ஒரு கணம் வயிறு கலங்கியது. இரண்டாம் எண்ணில், கையெழுத்திட்டவர் யார் என்ற இடத்தில், கவுண்டி கிளார்க் பெயர். மூன்றில் அவர் பதவி. நான்கில் அவர் அலுவலக முத்திரை. தாள் முழுக்க எங்கேயும் நான் இல்லை, வீடு இல்லை, அம்மா இல்லை. பிறகு நிதானமாக உட்கார்ந்து யோசித்தபோதுதான் இந்த வேலையின் சூட்சுமம் பிடிபட்டது. மாநிலம் சாட்சி சொல்வது கவுண்டி கிளார்க்குக்கு மட்டும். கவுண்டி கிளார்க் சாட்சி சொல்வது நோட்டரிக்கு மட்டும். நோட்டரி எனக்கு மட்டும். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த மூன்று பேரில் ஒருவரும் படிக்கவில்லை, படிப்பது அவர்கள் வேலையும் இல்லை. உட்பிரிவில் அந்த ஓர் எழுத்து தவறாகவே இருந்திருந்தாலும் இதே அப்போஸ்டில் இதே மாதிரி வந்திருக்கும். அதைச் சொல்லித்தான் தம்பியைச் சமாதானப்படுத்தினேன்.

இன்னொன்று. ஸ்கேன் எடுக்க வசதியாக அந்த ஸ்டேப்பிளை எடுக்கலாம் என்று நகத்தை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நண்பர் கையைப் பிடித்துக்கொண்டார். தாள் பிரிந்தால் அப்போஸ்டில் எந்தப் பத்திரத்துக்கு உரியது என்பதற்கு ஆதாரமே போய்விடும், எல்லாம் முதலிலிருந்து. மூலையை மடித்துப் பிடித்து போனிலேயே படம் எடுத்துக்கொண்டேன். ஊரில் ஜெராக்ஸ் கடைக்காரர் பழக்கதோஷத்தில் பின்னைப் பிடுங்கிவிடுவார், கூடவே நில் என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன்.

கூரியரில் அனுப்பும்போது பத்திரம் எழுதுபவர் சொன்ன ஒரு விஷயத்தைத் தம்பி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்: உறையைத் தூக்கிப் போடாதே. வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியாவில் முதன்முதலாகக் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இது. மூன்று மாதம் எழுதிய தேதியிலிருந்து ஓடாது, வந்த தேதியிலிருந்து ஓடும். வந்த தேதிக்கு உறைதான் சாட்சி. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜுடிகேஷன் என்று எல்லோரும் சொல்லும் தீர்வை நிர்ணயத்துக்கு, அசல் பவர், நகல்கள், என் பாஸ்போர்ட் நகல், தம்பியின் ஆதார் எல்லாவற்றோடும் அந்தக் கசங்கிய உறையையும் வைத்தான். அறுவடை நேரம் என்பதால் இரண்டு மாதம் தள்ளித்தான் போனான். உறை இல்லாவிட்டால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்த ஓர் அலுவலகத்தில், எது என்று சொல்லவில்லை, தூதரக முத்திரை எங்கே என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார்கள். தம்பி போனில் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். மூன்று மாத வேலை அவன் கண்முன் நின்றிருக்கும். பத்திரம் எழுதுபவர்தான் நிதானமாகப் பேசினார். பதிவுச் சட்டம் 1908, பிரிவு 33: எழுதிக்கொடுப்பவர் இந்தியாவுக்கு வெளியே வசித்தால், நோட்டரி முன்போ, நீதிமன்றத்திலோ, நீதிபதி முன்போ, இந்தியத் தூதர் முன்போ எழுதிக்கொடுத்து உறுதிசெய்த பவர் செல்லும். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பெரியவர் சத்தம் போடவில்லை, சட்டப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு வைத்தார். மறுநாள் எடுத்துக்கொண்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வருடத்துக்கு ஒன்றிரண்டு அப்போஸ்டில் பார்த்திருந்தாலே அதிகம். அவருக்குத் தெரியவில்லை என்று கோபப்படுவதைவிட, அவர் தன் மேலதிகாரியிடம் காட்ட ஒரு தாளைக் கையில் கொடுப்பது பலன் தந்தது. அங்கேயே என் பெயரும் பிரச்சினையாகும்போல இருந்தது. வாரிசுச் சான்றிதழைப் புரட்டியவர் பவரில் இருந்த ‘என்கிற’ வரியைப் படித்துவிட்டு மேலே போய்விட்டார்.

பதிவுக்கு நாள் குறித்த பிறகு வந்தது ஒரு கடைசிச் செலவு. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆயுள் சான்று வேண்டுமாம், அதுவும் பதிவுக்கு முந்தைய முப்பது நாளுக்குள் வாங்கியது. காரணம் புரிகிறது, கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். ஆனால் முப்பது நாளுக்குள் நோட்டரி, மினியோலா, மாநிலம், கூரியர் என்று மறுபடி முழுச் சுற்று. அந்த வரிக் கணக்குக்காரரிடமே போனேன். பதிவேட்டில் என் பழைய பக்கத்தைப் புரட்டிக் காட்டிச் சிரித்தார். இம்முறை எங்கே போக வேண்டும் என்று தெரியும் என்பதால் ஒரே நாளில் மினியோலாவையும் முடித்து, சான்றோடு திரும்பு உறைக்கும் விரைவுத் தபால் கட்டணமே கட்டினேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு நாள் மிச்சம் இருந்தது. பதிவு தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி ஆயுள் சான்றுக்குக் கிளம்புவதுதான் சரி. முன்கூட்டியே வாங்கி வைத்தால் காலாவதியாகிவிடும்.

பதிவு அன்று காலை அக்கா திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். தம்பி தனக்கு ஒரு கையெழுத்து, எனக்காக ஒரு கையெழுத்து என்று போட்டான். அம்மாவைப் புகைப்படம் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம், “பெரியவன் ஏன் வரல?” என்று. தம்பி அப்போஸ்டில் தாளைக் காட்டி, “இதான்மா அண்ணன்” என்றிருக்கிறான். அம்மா அந்தத் தங்கநிற முத்திரையை விரலால் தடவிப் பார்த்ததை அக்கா போனில் எடுத்து அனுப்பினாள்.

பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்திருக்கிறோம். பவரின் அசல், ஸ்டேப்பிள் கலையாமல், அந்தக் கூரியர் உறைக்குள்ளேயே அம்மாவின் பீரோவில் இருக்கிறது.